மூன்றாம் தடவையும் கத்தி வைப்பதா?

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வருகிறவர்கள் உடனே கவனிக்கிற சாமான், ஹோலில் ரீவிக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய சாய்மனைக் கதிரை. அதில் ஒரு தலையணை, ஒரு போர்வை, காலடியில் ஒரு வாளி. வாளியைக் காலையில் ஒளித்துவிடுவேன். கதிரையை ஒளிக்க முடியாது. போன தைப்பொங்கலுக்கு வந்த மாமி ஒருத்தி என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், "என்ன பிள்ளை, ரெண்டு பேருக்குள்ளயும் ஏதும் பிரச்சினையோ? அவர் மேல படுக்கிறார், நீ கீழ படுக்கிறாயாம்" என்று மெதுவாகக் கேட்டா. என்ர மகன் சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஆறு வயது. கேட்கிறவர்களுக்கெல்லாம் எல்லாம் சொல்லுவான்.

பிரச்சினை அவரோடு இல்லை, என் இரைப்பையோடு. நேராகப் படுத்தால் இரவு இரண்டு மணிக்குப் புளித்த தண்ணி தொண்டைக்கு ஏறி வரும். இருமிக்கொண்டு எழும்புவேன். சில நாள் மூக்காலும் வரும். நாலு வருடமாக இப்படித்தான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பான்ரொபிரசோல் போடுகிறேன். போடாவிட்டால் பச்சைத் தண்ணியும் எரிக்கும்.

நிறை குறைப்பதற்காக நான் இரண்டு தடவை ஒப்பரேஷன் செய்தவள். முதலாவது 2011இல், இரண்டாவது 2018இல். இரண்டாவதால் வந்ததுதான் இந்தக் கதிரை வாழ்க்கை. இப்போது மூன்றாவது ஒன்று, அதாவது செய்ததைத் திருத்துகிற சத்திரசிகிச்சை, செய்ய விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். சம்மதப் படிவம் பிரிஜ்ஜுக்கு மேலே, பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் கிடக்கிறது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை வாசலில் காருக்குள் இருந்து கதைக்கிற பழக்கம் எங்கள் சில தாய்மாருக்கு உண்டு. ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பின் சீற்றில் இருந்தவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் செய்தனான். மெக்சிக்கோவில. மனுசனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது" என்றா. பக்கத்தில் இருந்தவவின் தம்பியும் செய்தவராம். ஐந்து பேர் இருந்த காரில் மூன்று கதை. மல்வேர்னில் வளர்ந்து, இங்கேயே வீடு வாங்கி, பிள்ளைகளை அதே பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகிற எங்கள் வயதுக்காரர் ஒருவரிடம் ஒருவர் மோர்ட்கேஜ் வட்டி வரை சொல்லுவோம். இதைச் சொல்ல மாட்டோம்.

சீட்டுக்காசில் போட்ட பட்டி

2011இல் எனக்கு இருபத்தாறு வயது. ஐந்தடி இரண்டங்குலம், 205 இறாத்தல். கலியாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, படம் அனுப்பினதோடு நின்றுபோனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீல்சன் வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது யாரோ கொடுத்த விளம்பரத் தாள் ஒன்றை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தா. ஒன்ராறியோவில் ஓஹிப் பணம் கட்டுவது பைபாஸுக்கும் ஸ்லீவுக்கும்தான். அதற்கும் உடல் நிறைச் சுட்டெண் 40 இருக்க வேண்டும், அல்லது 35க்கு மேல் இருந்து சலரோகம், பிரஷர் போன்ற வருத்தமும் இருக்க வேண்டும். எனக்கு 37, வருத்தம் ஒன்றும் இல்லை. ஆக, தனியார் கிளினிக். அங்கே செய்வது லாப் பாண்ட். 16,000 டொலர். பக்ரறியில் இரவு வேலை செய்துகொண்டிருந்த அம்மா, கடைசியில் எடுப்பதாக வைத்திருந்த சீட்டைக் கழிவு கேட்டு முன்னாலேயே எடுத்தா. கழிவில் எவ்வளவு போனது என்று எனக்கு இன்றுவரை சொல்லவில்லை.

லாப் பாண்ட் என்பது இரைப்பையின் மேல் முனையில் மாட்டுகிற ஒரு சிலிக்கோன் வளையம். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்குக் கீழே ஒரு சின்னக் குமிழில் முடியும். அந்தக் குமிழுக்குள் ஊசியால் உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். பெல்ஜியத்தில் மித்திக்கு பெலாச்சு என்ற வைத்தியர் 1993இல் சின்னத் துளைகள் வழியாக இதைப் போட்டுக் காட்டிய பிறகுதான் உலகமெங்கும் பரவியது. அமெரிக்காவில் 2001இல் அனுமதி கிடைத்தது. எங்களைப் போன்றவர்களை இழுத்தது ஒரே வசனம்: ஒன்றையும் வெட்டுவதில்லை, வேண்டாமென்றால் கழற்றலாம்.

பிறகு என்ன நடந்தது என்பதை அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர் சங்கத்தின் கணக்கே சொல்லும். 2011இல், நான் போட்ட அதே வருடம், அங்கே நடந்த நிறை குறைப்பு ஒப்பரேஷன்களில் நூற்றுக்கு 35 லாப் பாண்ட். 2019இல் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதே காலத்தில், முன்பு செய்ததைத் திருத்துகிற ஒப்பரேஷன்கள் நூற்றுக்கு 6 என்பதிலிருந்து ஏறக்குறைய 17 ஆகக் கூடிவிட்டன. ஒன்று இறங்கினதும் மற்றது ஏறினதும் தற்செயல் இல்லை.

முதல் வருடம் எல்லாம் நல்லாகத்தான் இருந்தது. 48 இறாத்தல் குறைந்தது. 2012இல் கலியாணம். அல்பத்தில் நான் மெல்லிசு. 2013இல் மகள் வயிற்றில் தங்கியபோது உப்புநீரை எடுத்துத் தளர்த்தினார்கள். பிறந்தபின் திரும்ப இறுக்கினார்கள். அங்கேதான் துவங்கியது. புட்டு நெஞ்சில் கட்டியாக நிற்கும். இடியப்பம் இறங்காது. பாண் சொல்லவே வேண்டாம். ஐஸ்கிறீம் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும், சொக்லட்டும் அப்படித்தான். நான் கெட்டிக்காரியாகிவிட்டேன்: எது இறங்குமோ அதைச் சாப்பிட்டேன். நிறை ஏறியது. ஒழுங்கான சாப்பாடு உள்ளே போகவில்லை. இறுக்கின கிளினிக், "மெதுவாச் சப்பிச் சாப்பிடுங்கோ" என்று சொல்லி அனுப்பும். கலியாண வீடுகளில் நான் எத்தனை தடவை பாத்ரூமுக்குப் போய்ச் சத்தி எடுத்துவிட்டு, லிப்ஸ்ரிக் பூசிக்கொண்டு வந்து திரும்ப மேசையில் இருந்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

2016 டிசம்பரில் ஒரு இரவு தண்ணியும் இறங்கவில்லை. எச்சிலும் திரும்பி வந்தது. எமெர்ஜென்சியில் மருந்து குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வளையத்துக்குக் கீழே இருக்க வேண்டிய இரைப்பை வளையத்துக்கு மேலே நழுவி ஏறியிருந்தது. இதைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பகுதிக்கு இரத்தம் போகாமல் அழுகிவிடலாம். உடனே நீரை எடுத்தார்கள், பிறகு வளையத்தையே கழற்றினார்கள். "கழட்டலாம்" என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் கழற்றின இடம் பழையபடி வருவதில்லை. உள்ளே தழும்பு, ஒட்டல். இதை அப்போது யாரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை. நானும் கேட்கவில்லை. கிளினிக்கோ வேறு ஆட்களின் கைக்கு மாறியிருந்தது.

சென்னையில் ஒரு கலியாணமும் ஒரு ஒப்பரேஷனும்

ஒரு வருடத்துக்குள் 198க்கு வந்துவிட்டேன். திரும்பவும் அதே சிக்கல்: அரச திட்டத்துக்கு என் சுட்டெண் காணாது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 40, 35 என்ற இலக்கங்கள் அமெரிக்காவில் 1991இல் போட்டவை. எங்கள் உடம்பு வேறு. அதே சுட்டெண்ணில் வெள்ளைக்காரரைவிட எங்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்புக் கூட, சலரோகமும் முந்தி வரும். 2022 ஒக்ரோபரில் அமெரிக்க, சர்வதேச சங்கங்கள் இரண்டும் சேர்ந்து புதிய வழிகாட்டலை வெளியிட்டு, ஆசியர்களுக்கு 27.5லேயே இதைப் பற்றிப் பேசலாம் என்றன. அது வந்தபோது நான் இரண்டாவதையும் செய்து நாலு வருடம்.

2018 தையில் சித்தியின் மகனுக்குச் சென்னையில் கலியாணம். பத்து நாள் முன்னதாகப் போனால் அங்கேயே செய்துவிடலாம் என்று மச்சாள் ஒருத்தி சொன்னா. இங்கே கேட்கிற விலையில் கால்பங்கும் இல்லை. ஸ்லீவ். இரைப்பையின் வெளிப்பக்கத்தை நீளவாட்டில் ஸ்ரேப்ளர் போட்டு வெட்டி, முக்கால்வாசிக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் அளவு குழாய். இதில் திரும்பிப் போக வழியில்லை, வெட்டினது வெட்டினதுதான்.

வைத்தியரின் கை சுத்தம். அதை மறுக்க மாட்டேன். ஒழுகல் இல்லை, கிருமி இல்லை, மூன்றாம் நாள் வீடு, பத்தாம் நாள் சேலை கட்டிக்கொண்டு மண்டபத்தில் நின்றேன், ஒரு கரண்டி பாயாசத்தோடு. ஆனால் அதற்கு முன்னால் எண்டொஸ்கோபி செய்யவில்லை. பாண்ட் காலத்திலேயே எனக்கு நெஞ்செரிவு இருந்தது, ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்று நானும் வாயைத் திறக்கவில்லை. பாதிப் பிழை என்னுடையது. ரொறன்ரோ வந்தபின் பின்தொடர்ந்து பார்க்க யாரும் இல்லை. என் குடும்ப வைத்தியருக்குச் சொன்னதே ஆறு மாதம் கழித்து, தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டத் துவங்கினபோதுதான். மனுஷன் திட்டவில்லை. இரத்தம் எடுத்து அனுப்பினார். இரும்பு இல்லை, பி12 இல்லை, விற்றமின் டி இல்லை.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் நிறை குறைப்பு ஒப்பரேஷனின்போது புதுச்சேரியைச் சேர்ந்த இருபத்தாறு வயதுப் பெடியன் ஒருவன் இறந்த செய்தியும், அரசு விசாரணை வைத்த செய்தியும் எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் வந்தது. ஆறு வருடத்துக்கு முன் அதே நகரத்தில் நான் மேசையில் படுத்திருந்தது அந்தக் குழுவில் அரைவாசிப் பேருக்குத் தெரியாது. அழுகிற முகங்களைப் போட்டார்கள், நானும் ஒன்றைப் போட்டேன். காரில் கதைத்த அந்தத் தாயின் மெக்சிக்கோவும் அப்படித்தான். 2019 தையில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், திஹுவானாவில் ஒப்பரேஷன் செய்து திரும்பியவர்களுக்கு மருந்துக்கு மடங்காத கிருமி தொற்றியிருக்கிறது என்று எச்சரிக்கை விட்டது. தொற்றியவர்களில் கூடப்பேர் நிறை குறைக்கப் போனவர்கள். சென்னையும் மெக்சிக்கோவும் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே திறமான வைத்தியர் இருக்கினம். ஆனால் இந்த ஒப்பரேஷன் மேசையில் முடிகிற வேலை இல்லை, அதற்குப் பிறகு வருடக்கணக்கில் இரத்தம் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஆளை விமானத்தில் கூட்டிக்கொண்டு வர முடியாது.

ஏன் எரிகிறது

2019இல் மகன் பிறந்தான். அதுக்குப் பிறகு எரிவு கூடியது. 'பிள்ளைப்பெறுக்குப் பிறகு எல்லாருக்கும் வாறதுதானே' என்று இரண்டு வருடம் இருந்தேன். 2024இல் ஒருவழியாக எண்டொஸ்கோபி. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி புண்ணாகியிருந்தது. இரைப்பையின் மேல்முனை உதரவிதானத்தின் துளையால் நெஞ்சுப்பக்கம் ஏறியிருந்தது.

சத்திரசிகிச்சை வைத்தியர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினா. சாதாரண இரைப்பை ஒரு பை மாதிரி விரிந்து கொடுக்கும். ஸ்லீவ் ஒரு ஒடுங்கின குழாய், விரியாது, உள்ளே அழுத்தம் கூட. கீழே போக வழி இறுக்கம் என்றால் மேலேதான் வரும். உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடத்தில் இயல்பாக இருக்கிற ஒரு மடிப்பு, தடுப்புக் கதவு மாதிரி, அதுவும் வெட்டோடு குலைந்துபோகலாம். பின்லாந்தில் 2008இலிருந்து 240 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்லீவும் மறு பாதிக்குப் பைபாஸும் செய்து பத்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், ஸ்லீவ் செய்தவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு உணவுக்குழாயில் அழற்சி இருந்தது. பைபாஸ் பக்கம் நூற்றுக்கு 7. ஸ்லீவ் செய்த எல்லாருக்கும் என் கதை இல்லை என்பதற்கும் அதே கணக்கு சாட்சி. என் நண்பி ஒருத்தி ஸ்லீவ் செய்து ஏழு வருடம், சலரோக மருந்து முழுக்க நிற்பாட்டியாயிற்று, மிளகாய்ப்பொடி சம்பலோடு தோசை சாப்பிடுகிறா. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

வருடக்கணக்காக அமிலம் பட்டுக்கொண்டே இருந்தால் உணவுக்குழாயின் தோல் மாறத் துவங்கும். அதைப் பாரெற் என்கிறார்கள். சிலருக்கு அது பிறகு புற்றுநோயாகப் போகக்கூடும். எனக்கு இன்னும் அது இல்லை. "இன்னும்" என்ற சொல்லைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மூன்றாவது

அவ சொல்வது ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது. மிஞ்சியிருக்கிற குழாயின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதில் பொருத்துவார்கள். பை சின்னது என்பதால் அமிலம் குறைவாகச் சுரக்கும், கீழே வழி திறந்திருப்பதால் அழுத்தமும் இறங்கும். பித்தநீர் ஒரு மீற்றருக்கு மேல் கீழே போய்த்தான் சாப்பாட்டோடு சேரும், ஆகவே அதுவும் மேலே ஏறாது. மேலே ஏறிய பகுதியையும் இழுத்துத் தைப்பார்கள். "இது நிறைக்காகச் செய்யிற ஒப்பரேஷன் இல்லை, எரிவுக்காக. நிறை கொஞ்சம் குறையும். முதல்தரம் பைபாஸ் செய்த ஆளுக்குக் குறையிற அளவை எதிர்பார்க்காதேங்கோ." இதை அவ மூன்று தடவை சொன்னா. நான் மூன்று தடவையும் தலையாட்டினேன். மூன்றாம் தடவைதான் காதில் விழுந்தது.

இந்தத் திருத்த வேலை புதிதில்லை என்பது வாசித்தபோதுதான் தெரிந்தது. நிறை குறைப்பு ஒப்பரேஷனின் சரித்திரமே திருத்தத்தில்தான் ஓடியிருக்கிறது. 1950களில் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டு இணைக்கிற ஒரு முறை வந்தது. ஆட்கள் மெலிந்தார்கள், கூடவே ஓயாத வயிற்றோட்டம், சிறுநீரகக் கல், சிலருக்கு ஈரலே செயலிழந்தது. அந்த முறையைக் கைவிட்டு, செய்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பிரித்துக் கட்ட வேண்டி வந்தது. அயோவாவில் எட்வர்ட் மேசன் 1966இல் முதல் இரைப்பைப் பைபாஸைச் செய்தது அந்தக் காலத்தில்தான். பிறகு அவரே 1980இல் குடலைத் தொடாமல் ஸ்ரேப்ளரும் பட்டியும் போடுகிற வேறொரு முறைக்குப் போனார். அதுவும் இன்று ஏறக்குறைய இல்லை. ஒவ்வொரு முறையும் வரும்போது இதுதான் சுகமானது என்று வந்தது. ஸ்லீவும் அப்படித்தான்.

திருத்தம் ஏன் பயம் என்றால், கத்தி போகிற இடம் கன்னி நிலம் இல்லை. பாண்ட் இருந்த இடத்தில் தழும்பு, ஸ்லீவின் ஸ்ரேப்பிள் வரிசை, ஈரலோடு ஒட்டின பகுதிகள். இரத்த ஓட்டம் குறைந்த தசையில் போடுகிற தையல் மெதுவாகத்தான் ஆறும். ஒழுகல், இரத்தப்பெருக்கு, திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகிறது, எல்லாமே முதல்தரம் செய்பவரைவிட எனக்குக் கூடுதல். "நீங்கள் இப்பிடி எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீங்கள்?" என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. டொக்டரிடம் அப்படிக் கேட்கிறதா என்று வளர்த்தவர்கள் நாங்கள். கேட்டேன். அவ முகம் சுழிக்கவில்லை, இலக்கம் சொன்னா, பாண்ட் கழற்றி ஸ்லீவ் செய்து பிறகு மாற்றினவர்கள் அதில் எத்தனை என்றும் தனியாகச் சொன்னா. கேட்கவேண்டிய கேள்விதான் அது. ஒப்பரேஷன் செய்யாவிட்டால் என்ன என்றும் கேட்டேன். மருந்தைத் தொடரலாம், வருடா வருடம் எண்டொஸ்கோபியில் கண் வைத்திருக்கலாம், ஏறின பகுதியை மட்டும் தைத்துப் பார்க்கலாம் என்றா. கடைசியாகச் சொன்னதில் அவவுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, அதையும் ஒளிக்கவில்லை.

ஊசி மருந்து ஏன் போடக்கூடாது என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். வெகோவி கனடாவுக்கு 2024 மேயில் வந்தது. நிறை திரும்ப ஏறினவர்களுக்கு அது உதவும் என்பதில் சந்தேகமில்லை, என் பிரச்சினை நிறை மட்டும் என்றால் நானும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். ஆனால் அந்த மருந்து இரைப்பை வெறுமையாகிற வேகத்தைக் குறைக்கும். ஏற்கனவே மேலே ஏறுகிற ஆளுக்கு அது இன்னும் ஏற்றலாம். காசும் வேலை இன்சூரன்சைப் பொறுத்தது.

காசு என்றபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை நான் வரிசையில் நிற்கிறேன். 2009இலிருந்து ஒன்ராறியோவில் இதற்கென்று ஒரு வலையமைப்பு இருக்கிறது. ரொறன்ரோ, ஹமில்ரன், குவெல்ஃப், ஒட்டாவா என்று ஆஸ்பத்திரிகள் சேர்ந்தது. குடும்ப வைத்தியர் அனுப்ப வேண்டும். தாதி, உணவு ஆலோசகர், சமூக சேவையாளர், மனநல ஆலோசகர் என்று ஒவ்வொருவராகப் பார்ப்பார்கள். வெளிநாட்டிலோ தனியாரிடமோ செய்தவர் என்று கதவைச் சாத்தவில்லை, ஆனால் எதற்காகத் திருத்தம் கேட்கிறீர்கள் என்று நன்றாகவே பார்ப்பார்கள். முதல் கேட்ட சாமான் பழைய ஒப்பரேஷன் அறிக்கைகள். பாண்ட் கழற்றினதை இங்கேயே எடுக்க முடிந்தது. சென்னைத் தாளை நான் வெட்கத்தில் கிழித்துப் போட்டிருந்தேன். சித்தியின் மகன் இரண்டு தரம் நேரில் போய், எந்த அளவுக் குழாய் வைத்து எப்படி வெட்டினார்கள் என்று எழுதின அந்த ஒரு பக்கத்தை எடுத்து அனுப்ப ஆறு கிழமை. வெளியில் செய்தவர்கள் தயவுசெய்து அந்தத் தாளைப் பாஸ்போட் மாதிரி வைத்திருங்கோ.

சமையலறை

உணவு ஆலோசகர் தந்த கையேட்டில் கோழி நெஞ்சு, கிரேக்கத் தயிர், கொட்டேஜ் சீஸ். நான் புட்டு, சோதி, பருப்பு என்று சொன்னேன். அவ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, எழுதி எழுதிக் கேட்டா. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். எங்கட கோப்பையில் சோறு முதலில் வந்து கறி பக்கத்தில் நிற்கும், இனிக் கறி முதல், சோறு இடம் இருந்தால். மீன், முட்டை, தயிர், அவித்த கடலை, நெத்தலி. வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் என்று இருக்கிறவர்கள் இதை முதலே கணக்குப் போட வேண்டும். பால் தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு உடம்பில் சேராது. கல்சியம் குளிசையையும் இரும்புக் குளிசையையும் சேர்த்துப் போடக்கூடாது, இடையில் இரண்டு மணித்தியாலம் விட வேண்டும். பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி, இவை சாகும்வரை. பாயாசம், கேக், சோடா போன்றவை பைபாஸுக்குப் பிறகு நேரே குடலுக்குள் இறங்கினால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலை சுற்றி விழுத்தும். டம்பிங் என்கிறார்கள்.

அம்மா முழங்கால் நோவுக்குப் போடுகிற அட்வில் எங்கள் வீட்டில் மிட்டாய் மாதிரிக் கிடக்கும். பைபாஸுக்குப் பிறகு அந்த வகை மருந்து புது இணைப்பில் புண் வைக்கும். சிகரெட்டும் அப்படியே. தலையிடி வந்தால் ரைலனோல் மட்டும். இன்னும் இரண்டு விசயம் எனக்கு நித்திரையைக் கெடுத்தவை, ஆனால் தெரிந்திருப்பது நல்லது. எந்த ஒப்பரேஷன் செய்திருந்தாலும் நாட்கணக்காகச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தால் விற்றமின் பி1 தீர்ந்து மூளையையும் நரம்பையும் நிரந்தரமாகப் பாதிக்கலாம், வீட்டில் இருந்து பார்க்கக்கூடாது. பைபாஸ் செய்தவருக்குப் பத்து வருடம் கழித்துத் திடீரென்று கடும் வயிற்றுக்குத்து வந்தாலும், உள்ளே குடல் ஒரு இடைவெளியில் போய்ச் சிக்கியிருக்கலாம். எமெர்ஜென்சியில் முதல் வசனமே "நான் பைபாஸ் செய்தனான்" என்பதாக இருக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிற ஆட்கள் மாட்டுப்படுகிற இடம் இது.

மகளும் அம்மாவும்

மகளுக்குப் பன்னிரண்டு. படிவத்தை எடுத்து வாசித்திருக்கிறாள். கை எட்டாது என்று நான் நினைத்தது அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது. அதில் "மரணம்" என்ற சொல் அச்சில் இருக்கிறது, எல்லா ஒப்பரேஷன் படிவத்திலும் இருக்கிற மாதிரி. "அம்மா, நீங்க சாகப் போறீங்களா?" என்று நேரே கேட்டாள். அதற்குப் பதில் சொல்லி முடிக்க, அடுத்தது: "நீங்க என் மாதிரி இருந்ததாலயா முதல் ஒப்பரேஷன் செய்தீங்க?"

அவள் என் வளர்த்தி. போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் அன்ரி ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்து, "என்னடி, நல்லா வைச்சிட்டாய்" என்று சொன்னதை நான் கேட்டேன், அவளும் கேட்டாள். நான் அப்போது சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இப்போது நெஞ்செரிவைவிட எரிக்கிறது. மகளுக்கு உண்மையைச் சொன்னேன். முதலாவது, படத்தில் வடிவாக வரவேண்டும் என்பதற்காக. இரண்டாவது, முதலாவது பிழைத்ததால். மூன்றாவது, இரவில் மூச்சு முட்டாமல் படுக்க. அவள் யோசித்துவிட்டு, "மூணாவது மட்டும் ஓகே" என்றாள். அவளுடைய வைத்தியரிடம் நிறையைப் பற்றிக் கதைக்கும்போது அவளை வெளியில் இருத்திவிட்டுக் கதைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த அன்ரிக்கு போன் எடுத்தும் கதைத்தேன். அவ இன்னும் கோபம்.

அம்மாவுக்குச் சொல்லத்தான் கன நாள் பிடித்தது. பாண்ட் கழற்றினதையே அவவுக்கு "சின்னத் திருத்தம்" என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சீட்டுக்காசு வீணாய்ப் போச்சு என்று அவ நினைக்கக்கூடாது என்பதற்காக. ஒன்பது வருடம். போன கிழமை அவவின் வீட்டில் மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா.

"எனக்குத் தெரியும்" என்றா. "நீ தைப்பொங்கலுக்கு அரைக் கரண்டி பொங்கலை ஒரு மணித்தியாலம் வைச்சுக்கொண்டு இருக்கேக்கயே தெரியும். நான்தானே உன்னைக் கொண்டுபோய் விட்டனான். கேக்கப் பயமா இருந்தது."

கொஞ்ச நேரம் இருவரும் கதைக்கவில்லை. பிறகு அவ எத்தனை நாள் ஆஸ்பத்திரி, பிள்ளைகளை ஆர் பள்ளிக்கூடத்தால ஏத்துறது, முதல் இரண்டு கிழமை நீராகாரம் என்றால் கஞ்சித்தண்ணியில் மிளகு போடலாமோ கூடாதோ என்று கேட்கத் துவங்கினா. மிளகு எனக்குத் தெரியாது. கேள்வித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

வரும் செவ்வாய்க்கிழமை திரும்பச் சத்திரசிகிச்சை வைத்தியரைப் பார்க்கிறேன். ஸ்காபரோ ரயில் 2023இல் நின்ற பிறகு மல்வேர்னிலிருந்து நகரத்துக்குப் போவது அரை நாள் வேலை. நீல்சன் பஸ், பிறகு சப்வே, பிறகு இன்னொன்று. அம்மாவும் வரப்போகிறாவாம். படிவத்தையும் கொண்டுபோகிறேன். கையெழுத்து இன்னும் போடவில்லை.